கோப்பை யாருக்கு என்று எழுதிக் கொடுத்தவள்

எங்கள் வீட்டு மாடி ஜன்னலுக்கு நேர் கீழே பாஸ்கெத் மைதானம் இருந்தது. காரைக்காலில் அந்த விளையாட்டுக்கு அப்போது அதுதான் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் வாயிலிருந்து வந்தது. கூடைப்பந்து என்று சொல்ல ஆரம்பித்ததெல்லாம் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி மாறிய பிறகுதான். மைதானத்தின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு மரக்கம்பம், அதில் தார் பூசிய பலகை, பலகையில் கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு வளையம். தரை மண்ணும் சுண்ணாம்பும் கலந்து இடித்துக் கெட்டித்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது குளமாகிவிடும். மார்கழியில் தண்ணீர் வடிந்ததும் கல் உருளையை இழுத்து இறுக்குவார்கள். தை பிறந்தால் போட்டி தொடங்கும். பங்குனிக் கடைசி வரை போகும்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி அது. எழுத்தும் கணக்கும் எனக்கு நன்றாக வந்தன. அதற்குப் பிறகு கல்யாணம், காரியம் என்றால்தான் வாசற்படி இறங்குவேன். மாடி ஜன்னலில் நெருக்கமான மரச்சட்டங்கள் இருந்தன. உள்ளே இருக்கிறவர்களுக்கு மைதானம் முழுக்கத் தெரியும். மைதானத்தில் இருக்கிறவர்களுக்கு மரம் மட்டும்தான் தெரியும். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா கொஞ்சம் படுப்பார்கள். நான் மாடிக்குப் போய்விடுவேன்.

முதலில் சும்மாதான் பார்த்தேன். பிறகு சும்மா பார்க்க முடியவில்லை. யார் எந்த இடத்திலிருந்து பந்தை எறிகிறார், பத்துக்கு எத்தனை விழுகிறது என்று சுவரில் கரிக்கோடு போட ஆரம்பித்தேன். உம்மா திட்டியதும், பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களுக்கு மாறினேன். ஆட்டக்காரர்கள் பலருடைய பெயர் எனக்குத் தெரியாது. ‘கழுத்து நீளம்’, ‘இடக்கையர்’, ‘துப்புகிறவர்’ என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

ஐந்து அணிகள் இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்கள் ஒன்று. அவர்களை ஊரில் சொல்தாக்கள் என்பார்கள். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் ஒன்று. நெடுங்காட்டு விவசாயக் குடும்பத்து ஆட்கள் ஒன்று. செருப்பில்லாமல் ஆடுவார்கள், மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை. மண்டபத்தூர் மீனவர்கள் ஒன்று. ஐந்தாவது எங்கள் தெரு அணி.

எங்கள் தெரு அணிக்கு என் மச்சான்தான் கேப்டன். வாப்பாவின் தங்கை மகன். எனக்கும் அவருக்கும் சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். பெருநாளைக்கு மாமி வீட்டிலிருந்து எனக்குத் துணி வரும். அதை எடுத்துக்கொண்டு அவர் வந்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அவரிடம் ஒரு வார்த்தைகூட நேராகப் பேசியதில்லை. ஆனால் அவர் பந்தை வாங்குமுன் வலது தோளை ஒரு தடவை உயர்த்திக்கொள்வார் என்பது அவருடைய உம்மாவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அதே அணியில் என் நானாவும் இருந்தார். கூடப்பிறந்த அண்ணன், என்னைவிட நான்கு வயது மூத்தவர். நல்ல உயரம், ஆனால் கையில் பந்து நிற்காது. பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். வாப்பா சைகோனில் ஜவுளிக்கடையில் இருந்து அங்கேயே மௌத்தாகி அடக்கமும் ஆகிவிட்டார்கள். வீட்டில் ஆம்பளை என்று இருந்தது நானா ஒருவர்தான். அவருக்கு நிலையான வேலை எதுவும் அமையவில்லை. ஊரில் நாலு பேர் தன்னை மதிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த ஆசை எனக்குப் புரிந்தது.

மைதானத்தை ஒட்டி ஒரு காப்பிக்கடை. மார்கழி வந்தால் அங்கே ஒரு கரும்பலகை மாட்டுவார்கள். இந்தப் பருவத்தில் முதல், இரண்டு, மூன்று என்று எந்த அணிகள் வரும் என்பதை அவரவர் எழுதிக் கையெழுத்துப் போடலாம். மூன்றையும் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த மார்கழி வரை கடையின் முதல் பெஞ்சு. எவ்வளவு கூட்டம் வந்தாலும் அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது. இந்த ஒரு பெஞ்சுக்காகப் பெரிய பெரிய மனிதர்களெல்லாம் சண்டை போட்டார்கள்.

முதல் வருடம் நானா பலகைக்குப் போகுமுன் வீட்டில் உம்மாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். சிப்பாய்கள்தான் முதல் என்றார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். வாயை அடக்க முடியவில்லை.

“நானா, சொல்தாக்கள மொதல்ல போடாதீங்க.”

“ஏன்? போன வருஷம் கோப்பை அவங்களுக்குத்தானே?”

“அந்த உசரமானவரு மழைக்கு முன்னாடியே காணாமப் போயிட்டாரு. பாண்டிச்சேரிக்கு மாத்தியிருப்பாங்க. அவரு இல்லன்னா பலகையில பட்டுத் திரும்புற பந்த எடுக்க அவங்கள்ல ஆளில்ல. மத்தவங்க எறியிறது பத்துக்கு மூணுதான் விழுது.”

நானா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்ப யாரு மொதல்ல?” என்று கேட்டார்.

“நம்ம தெரு. ரெண்டாவது பள்ளிக்கூடத்துக்காரங்க. மூணாவதுதான் சொல்தா.”

அப்படியே எழுதினார். பங்குனியில் அப்படியே வந்தது. முதல் பெஞ்சில் நானா காலை நீட்டி உட்கார்ந்திருப்பதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். நானே உட்கார்ந்ததுபோல் இருந்தது.

அடுத்த மார்கழியில் அவரே நோட்டும் பென்சிலுமாக மாடிக்கு வந்தார். “உக்காந்து நிதானமா எழுது. ஏன் எதுக்குன்னும் எழுது. கடையில கேக்குறாங்க” என்றார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். மண்டபத்தூர்க்காரர்களின் தோள் வலுவுக்கு மாசி வரை யாரும் ஈடுகொடுக்க முடியாது என்றும், பங்குனியில் காற்று மாறி மீன் படத் தொடங்கினால் அவர்களில் மூன்று பேராவது கடலில் இருப்பார்கள் என்றும், அதனால் முதலில் ஓடிக் கடைசியில் மூன்றாவதாக நிற்பார்கள் என்றும் எழுதினேன். நெடுங்காட்டு ஆட்களுக்குத் தையில் அறுவடை. களத்தில் வளைந்து நிமிர்ந்துவிட்டு வந்து தள்ளாடுவார்கள், மாசி பாதிக்கு மேல் அவர்களைப் பிடிக்க முடியாது, இரண்டாவது வருவார்கள் என்றும் எழுதினேன். எங்கள் தெரு மறுபடியும் முதல். மூன்றும் பலித்தன. மண்டபத்தூர் தொடர்ந்து ஐந்து ஆட்டம் ஜெயித்தபோது ஊரே நானாவைக் கேலி செய்தது. பங்குனியில் அதே ஊர் அவரை ஜோசியர் என்றது.

“எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?” என்று காப்பிக்கடையில் ஒருவர் கேட்டதும், “யோசிக்கணும்ங்க, ஒக்காந்து யோசிக்கணும்” என்று நானா சொன்னதும் காற்றில் மாடிவரைக்கும் வந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எனக்கு அதில் வருத்தமில்லை. என் பெயரை அங்கே சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அவர் சொல்வது என் வார்த்தை என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்திருந்தது. அதை ஒரு சொத்துபோல வைத்துக்கொண்டிருந்தேன்.

கொடி மாறுவதற்கு முந்தின வருடம் ஆறாவதாக ஓர் அணி வந்தது. வரிச்சிக்குடிச் சாலையில் ஒரு நெல் மில். அதன் முதலாளிக்குக் கோப்பை ஆசை வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கூட்டிவந்து மில்லில் வேலைக்குச் சேர்த்தார். ஒருவர் பெயருக்குக் கணக்கப்பிள்ளை, ஒருவர் பெயருக்குக் காவல்காரர். அவர்கள் நெல்லைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. காலையும் மாலையும் மைதானத்தில் இருந்தார்கள். பந்து விளையாடுவதற்கே ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை எங்கள் ஊர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தது. ‘சம்பள ஆட்டக்காரங்க’ என்று தெருவில் இளக்காரமாகப் பேசினார்கள். நான் இளக்காரம் பண்ணவில்லை. அவர்களில் ஒருவர் ஓடிக்கொண்டே ஒரு காலில் எழும்பி, காற்றில் நின்ற மாதிரி நின்று எறிவார். பத்துக்கு ஏழு விழுந்தது.

அந்த மார்கழியில் நானா வழக்கம்போல நோட்டைக் கொண்டுவந்தார். நான் மூன்று நாள் எழுதினேன். ஐந்து பக்கம். முதல் மில், இரண்டாவது நெடுங்காடு, மூன்றாவது எங்கள் தெரு.

எங்கள் தெரு ஏன் மூன்றாவது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை எழுதுவதா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். மச்சானுடைய இடது முட்டி. மழைக்கு முன்பு ஒரு பயிற்சியில் வழுக்கி விழுந்தார். எழுந்து ஓடினார், எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் எழும்பி இறங்கும்போது முழு உடம்பையும் வலது காலிலேயே இறக்கினார். இடது பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டடி கூடுதலாக வைத்துச் சுற்றி வந்தார். ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு முட்டியை நீவுவார். அதை அவர் எல்லோரிடமும் மறைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது.

நான்கு பக்கத்தில் அணிகளைப் பற்றி எழுதினேன். நான்காம் பக்கத்தின் அடியில் முட்டியைப் பற்றி இருந்தது: இடது பக்கம் எழும்ப வைத்தால் அவரால் தாங்க முடியாது, யாராவது தொடர்ந்து அந்தப் பக்கமே அழுத்தினால் பாதி ஆட்டத்தில் விழுந்துவிடுவார். ஐந்தாம் பக்கம் நானாவுக்கு மட்டும் எழுதியது. ‘நானா, இதை நீங்களாகக் கவனித்த மாதிரி மச்சானிடம் சொல்லுங்கள். முதல் மூன்று ஆட்டம் அவரை உட்கார வையுங்கள். கோப்பை போனால் போகட்டும். அவர் கால் போய்விடக் கூடாது. நான் சொன்னேன் என்று மட்டும் தெரிய வேண்டாம்.’

அந்தக் கடைசிப் பக்கத்தை அவரிடம் கொடுக்கும்போது வெட்கத்தில் என் காது சுட்டது. நானா ஐந்து பக்கத்தையும் இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை, கேலி செய்யவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே போனார்.

இரண்டு நாள் கழித்து, காப்பிக்கடைப் பலகையில் அவர் எங்கள் தெருவை முதலாவதாக எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. சாப்பாடு போடும்போது கேட்டேன்.

“ஏன் நானா மாத்தி எழுதுனீங்க?”

“நம்ம தெரு ஆளுங்க மனசு ஒடைஞ்சி போயிடும்ல. பெஞ்சு போனாப் போவுது.”

அதைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். இவ்வளவு நல்ல மனது இவருக்கா என்று நினைத்தேன்.

“மச்சான்கிட்ட சொன்னீங்களா?”

“சொல்லிட்டேன். ஒக்காந்துக்கிறேன்னாரு.”

“வேற ஒண்ணும் கேக்கலியே?”

“ஒண்ணும் கேக்கல. நீ சோத்தப் போடு.”

பருவத்தின் முதல் ஆட்டமே எங்கள் தெருவுக்கும் மில்லுக்கும். அன்று மத்தியானமே நானா ஒரு துணி மூட்டையுடன் வெளியே போய்விட்டார். நான் ஜன்னலுக்குப் போனபோது மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. எங்கள் தெரு அணி இறங்கியது. முதல் ஆளாக மச்சான் வந்தார். உட்கார்ந்துகொள்கிறேன் என்றவர் ஏன் இறங்குகிறார் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் பெஞ்சில் நானாவைத் தேடினேன். காணோம். எதிர்ப்பக்கம் மில் முதலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில், மில் அணியின் பச்சைச் சட்டையில், நானா நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் தெரு ஆட்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஒருவர் கத்தினார். மச்சான் கையைக் காட்டி அவரை அடக்கிவிட்டு, நானாவைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனார்.

நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். மில் ஆட்டக்காரர்கள் வளையத்தைப் பார்த்தே ஆடவில்லை. பந்து கிடைத்தவுடன் மச்சானைத் தேடி வந்தார்கள். வலது பக்கம் போவதுபோல் காட்டி, கடைசி நேரத்தில் அவருடைய இடது பக்கமாகத் திரும்பினார்கள். அவர் எழும்பினால் இடது காலில்தான் இறங்க முடியும் என்கிற மாதிரி வலது பக்கத்தில் ஒருவர் நெருக்கி நின்றார். ஒருவர் ஓய்ந்தால் அடுத்தவர். மூன்றாவது முறையே எனக்குத் தெரிந்துவிட்டது. என் நான்காம் பக்கத்தை அவர்கள் வரிவரியாக ஆடிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் இரைச்சலுக்கு மேல் ஒரு குரல் கேட்டது.

“இடது! இடது பக்கம் போங்க!”

எனக்கு அந்தக் குரலைத் தெரியாதா?

பாதி ஆட்டத்துக்குச் சற்றுப் பிறகு மச்சான் எழும்பினார். இறங்கும்போது முட்டி பக்கவாட்டில் மடங்கியது. அவர் சத்தம் போடவில்லை. மண்ணைக் கையால் அள்ளி இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தார். காப்பிக்கடைப் பெஞ்சில் அவரைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் தூக்கியது அந்த முதல் பெஞ்சைத்தான்.

மக்ரிப் தொழுகை முடிந்து நானா வீட்டுக்கு வந்தார். பச்சைச் சட்டை மூட்டைக்குள் இருந்தது. நான் மாடிப்படியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

“என் கடுதாசி எங்க?”

“எந்தக் கடுதாசி?”

“நீங்க மச்சான்கிட்ட ஒண்ணுமே சொல்லலல்ல?”

அவர் உம்மா இருக்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “மில்லுல குமாஸ்தா வேல குடுத்திருக்காரு முதலாளி. நெசமான வேல. மாசாமாசம் வீட்டுக்கு அரிசியும் வரும். எத்தன நாளைக்கு உம்மாவோட வளையல வச்சிக்கிட்டு ஓட்டுறது? நீயே சொல்லு.”

“அதுக்கு மச்சான் காலயா குடுத்தீங்க?”

“நான் ஒண்ணும் குடுக்கல. நீ எழுதுனத காட்டுனேன். மில்லுதான் ஜெயிக்கும்னு நீதானே எழுதுன? அதானே நடந்துச்சி?”

நான் எழுதியதுதான் நடந்தது. அவர் சொன்னதில் பொய்யில்லை. படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டிக்கொண்டு மேலே போனார்.

மறுநாள் காலை தெரு அணியைச் சேர்ந்த நான்கு பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் நடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் இருந்தேன். அவர்கள் உள்ளே வரவில்லை.

“மில்லுக்குப் போனது ஒங்க இஷ்டம். முட்டி சமாச்சாரத்த ஏங்க சொன்னீங்க? கூட ஆடுனவங்கதானே நீங்க?” என்று ஒருவர் கேட்டார்.

“எனக்கு முட்டி சமாச்சாரமே தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா? நம்மள்ல யாருக்காவது தெரியுமா?”

“அப்ப அவங்களுக்கு யாரு சொன்னது?”

நானா சட்டைப்பையிலிருந்து கடுதாசியை எடுத்துக் கொடுத்தார். “பாருங்க. இது என் எழுத்தா? என் எழுத்த ஒங்களுக்குத் தெரியும்ல? வீட்டுல இருக்குற பொண்ணு, வேல வெட்டி இல்லாம ஜன்னல்ல ஒக்காந்து எழுதிக்கிட்டே இருக்கும். மூணு வருஷமா எழுதுது. நான் இத ஒரு பொருட்டா எடுத்துக்கல. மேசையில கெடந்தத யாரோ எடுத்துட்டுப் போயி முதலாளிக்கிட்ட காட்டியிருக்காங்க. அவருகிட்டேருந்துதான் இத நான் வாங்கிட்டு வந்தேன்.”

மூன்று வருடமாக என் வார்த்தையில் ஒன்றைக்கூட என்னுடையது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னார். வாசலில் நின்ற நான்கு பேரும் கடுதாசியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

உம்மா என்னை அடிக்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டு மாடி ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார்கள். “ஆம்பளைங்க முட்டியப் பாத்து எழுதுன பொண்ணுன்னு ஊருல பேசுறாங்க. எனக்கு எங்க போயி மூஞ்ச வச்சிக்கிறது?” என்று அழுதார்கள். நானா அப்போது கூடத்தில்தான் இருந்தார். ஆணி அடிக்கும் சத்தம் முடிகிறவரை தலையைக் குனிந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து மச்சானே வந்தார். முட்டியில் நாட்டு வைத்தியர் போட்ட மூங்கில் கட்டு, கையில் தடி. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். உம்மாவும் நானாவும் இருந்தார்கள். அவர் என்னைத் திரைக்குப் பக்கத்தில் வரச் சொன்னார். பேசி வைத்த நாளிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“இது நீ எழுதுனதா?”

திரைக்குக் கீழே அவர் நீட்டிய கடுதாசியின் ஓரம் தெரிந்தது. “ஆமாங்க” என்றேன்.

“முட்டி வலிக்கிதுன்னு நான் எங்க உம்மாகிட்டகூடச் சொல்லல. ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சி?”

“எல்லாரும் போன பெறவு கம்பத்தப் புடிச்சிக்கிட்டு நீவுவீங்க. ஜன்னல்லேருந்து பாத்தேன்.”

அவர் தடியால் தரையை ஒரு தடவை தட்டினார். பிறகு, “பாத்தது சரி. ஏன் எழுதுன?” என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

“கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேனே. அதப் படிங்க.”

“எந்தக் கடைசிப் பக்கம்?”

“அஞ்சாவது பக்கம். ஒங்கள உக்கார வைக்கச் சொல்லி எழுதியிருந்தேன்.”

கடுதாசியைப் புரட்டும் சத்தம் கேட்டது. “நாலு பக்கந்தான் இருக்கு” என்றார்.

நான் திரையை விலக்கிவிட்டேன். அப்படிச் செய்யக் கூடாது என்ற நினைப்பே வரவில்லை. “நானா, அந்தப் பக்கம் எங்க? நீங்க சொல்லுங்க.”

நானா என்னைப் பார்க்கவில்லை. மச்சானைப் பார்த்துத்தான் சொன்னார். “எனக்குத் தெரிஞ்சி இவ்வளவுதாங்க எழுதுனா.”

மச்சான் என் முகத்தைப் பார்த்தார், நானா முகத்தைப் பார்த்தார். அவர் என்னை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தடியை ஊன்றி எழுந்தார். கடுதாசியை நாற்காலியில் வைத்துவிட்டு, உம்மாவுக்கு ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே மாமி ஆள் அனுப்பினார்கள். பேசிய பேச்சை விட்டுவிடலாம் என்றும், யார் மீதும் குற்றமில்லை என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

மாமி அனுப்பிய ஆள் வந்துபோன மாலை நான் அடுப்படியில் தனியாக இருந்தபோது நானாவே வந்தார். “அந்தப் பக்கத்த நாந்தான் கிழிச்சேன். ஒன் நல்லதுக்குத்தான். ஒரு பொண்ணு ஒரு ஆம்பளைக்காக அப்புடிக் கெஞ்சி எழுதுனத வெளியாளு பாத்தா என்ன ஆவும்?” என்றார். அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அப்போது வரவில்லை. உலையில் மில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. வடித்து அவருக்கும் போட்டேன், நானும் சாப்பிட்டேன். அந்த அரிசியை நான் ஒரு நாளும் வேண்டாம் என்று ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோப்பை மில்லுக்குத்தான் போனது. பறை அடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகவே கொண்டுபோனார்கள். பலகை அடித்த ஜன்னல் வழியாகச் சத்தம் மட்டும் வந்தது. நெடுங்காடு இரண்டாவது. கேப்டன் இல்லாமல் ஆடி எங்கள் தெரு மூன்றாவது. மூன்றும் நான் எழுதிய வரிசைதான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் கொடி மாறியது. பட்டாளம் கப்பலேறியது. சொல்தாக்களில் சிலர் குடும்பத்தோடு போனார்கள். மில் முதலாளிக்குக் கோப்பை ஆசை விட்டுப்போய்விட்டது. சம்பள ஆட்டக்காரர்கள் வந்த வழியே அவரவர் ஊருக்குப் போனார்கள். நானா மட்டும் மில்லில் குமாஸ்தாவாகவே இருந்தார். நல்ல பெயர் எடுத்தார். எனக்கு மாப்பிள்ளை தேடி நாலு ஊர் அலைந்தார், அதையும் மறைக்கக் கூடாது. மச்சானுக்குக் கால் நேராகவே இல்லை. மாமி அவருக்குத் திருமலைராயன்பட்டினத்தில் பெண் எடுத்தார்கள். அவர் துறைமுகத்தில் சாமான் கணக்குப் பார்க்கும் வேலைக்குப் போனார். தெருவில் தடி ஊன்றும் சத்தத்தை வைத்தே அவர் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து எனக்கு நிக்காஹ். மாப்பிள்ளை நாகப்பட்டினத்தில் வியாபாரம் செய்யும் வீட்டுப் பிள்ளை. வாப்பா இல்லாததால் என்னைப் பிடித்துக்கொடுக்கும் உரிமை நானாவுக்கு. அவர் என் சம்மதம் இல்லாமல் கொடுக்க முடியாது. அவர் இல்லாமல் என் கல்யாணமும் நடக்காது. சாட்சிக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நான் இருந்த அறைக்கு வந்தார். புது வேட்டி, தலையில் தொப்பி, அத்தர் வாசனை. பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

“இன்னாருக்கு ஒன்ன நிக்காஹ் செஞ்சி குடுக்குறதுக்கு என்ன வக்கீலா ஏத்துக்கிறியா?” என்று கேட்டார்.

உன் சார்பில் பேசுவதற்கு என்னை ஏற்கிறாயா என்பது அதற்கு அர்த்தம். வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். எத்தனையோ கல்யாணத்தில் காதில் விழுந்திருக்கிறது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. மாப்பிள்ளை மேல் எனக்கு ஒரு குறையுமில்லை. என் சார்பில் இவர் பேசுவதா என்ற ஒன்றுதான் என்னைத் தடுத்தது. உம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து அழுத்தினார்கள்.

நானா இரண்டாம் தடவை கேட்டார். அவருடைய கண் கலங்கியிருந்தது. எதற்கென்று எனக்குத் தெரியாது. தங்கை போகிறாள் என்றும் இருக்கலாம். மூன்றாம் தடவையும் கேட்டார். நான் தலையைக்கூட அசைக்கவில்லை.

சாட்சிகளில் மூத்தவர் சிரித்துக்கொண்டே, “கன்னிப் பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னுதான் அர்த்தம். வாங்க போவோம்” என்றார்.

மூன்று பேரும் வெளியே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலில் நானாவின் குரல் என் சார்பில் பேசிக்கொண்டிருந்தது.